எழுதிக் கொடுத்த பிள்ளை

இடது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் கறுப்புத் துணியைக் கிள்ளிக் கிள்ளி மடிக்கின்றன. வலது கை ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு குண்டூசியைச் செருகிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. வக்கீல் கவுனில் கஷ்டமான இடம் இதுதான். தோள்பட்டைக்குக் கீழே, முதுகின் அகலம் முழுக்கக் கொசுவம் ஒன்றுபோல விழ வேண்டும். ஒரு மடிப்பு பருத்து அடுத்தது மெலிந்தால், போட்டவர் கோர்ட்டில் எழுந்து நிற்கும்போது முதுகில் மூட்டை கட்டியதுபோல் இருக்கும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். கண் தோற்றுப்போகும், விரல்தான் பார்க்க வேண்டும்.

"பாத்துத் தை. பார்ட்டி ஆருன்னு தெரியுமில்லா?" என்றார் ராஜையன், கத்திரியைக் கீழே வைக்காமல். வஞ்சியூர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் அந்தத் தையல்கடை அவருடையது.

"தெரியும் அண்ணாச்சி."

"உனக்கு எதிரா வாதாடுன வக்கீலாக்கும். இண்ணைக்குத் தீர்ப்பு. அந்தாளுக்க கவுனை நீயேதான் தைக்கணுமா? கொண்டா, நான் முடிச்சுத் தாறேன்."

"ஏன், நான் தைச்சா பிரிஞ்சு போவுமா?"

"பிரிஞ்சு போனா நல்லதுதானே! கோர்ட்டு நடுவுல மனுசன் கையைத் தூக்கி வாதாடும்போ தோள்பட்டை டர்ருன்னு…"

"பிரிஞ்சா அவருக்கு நாணக்கேடு இல்ல, எனக்காக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த குண்டூசியைச் செருகினாள் சரோஜம்.

களியக்காவிளைப் பக்கத்துக்காரி அவள். கல்யாணம் ஆகித்தான் திருவனந்தபுரம் வந்தாள். கட்டியவன் தாணு, நாகர்கோயில்காரன். கட்டட வேலைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் மேஸ்திரி. கரமனையில் ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, ஆதிரா என்று ஒரு பெண் குழந்தை. குழந்தை தளர்நடை போடும் காலத்தில் தாணு பாலராமபுரத்தில் இன்னொரு குடித்தனம் வைத்துவிட்டான். சரோஜம் அழுது ஊரைக் கூட்டவில்லை. "போறவன் போவட்டும், பிள்ளைக்குச் செலவுக்குத் தந்தாப் போதும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் தாணுவுக்கு உறுத்தியது.

அவர்கள் ஆட்களுக்குள் இப்படிப்பட்ட வழக்கு கோர்ட்டுக்குப் போகாது. இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் கூடுவார்கள், ஒரு துரும்பைக் கிள்ளி இரண்டாகப் போடுவார்கள், கட்டின உறவு அற்றுப்போகும். கிள்ளின துரும்பைப் பின்னால் யாரும் எடுத்துக் காட்ட முடியாது என்பதால், பட்டணத்துக்கு வந்தபிறகு அதோடு ஒரு முத்திரைப் பத்திரமும் சேர்ந்துகொண்டது. தொண்ணூற்று நாலில், ஓணம் கழிந்த வாரம், தாணுவின் அக்காள் கோமதியம்மாளின் வீட்டில் கூட்டம். சரோஜம் வரமாட்டேன் என்றுதான் இருந்தாள். ஆனால் அதற்கு முன்பே கோமதியம்மாள், "பிள்ளைய நாலு நாள் வச்சுக் கொஞ்சிட்டுக் கொண்டுவாறேன்" என்று குழந்தையைத் தூக்கிப் போயிருந்தாள். கேட்டபோதெல்லாம், "கையெழுத்துப் போடுத அண்ணைக்குத் தாறோம்" என்றுதான் பதில் வந்தது.

போனாள். பத்திரம் மலையாளத்தில் இருந்தது. சரோஜத்துக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். எழுதினவர் ஒரு தடவை வேகமாக வாசித்துக் காட்டினார். ஒரு தொகை கைமாறுகிறது. இன்று தொட்டு மனைவிக்கோ குழந்தைக்கோ தாணுவிடம் ஊண், உடை, படிப்பு, கல்யாணம் எந்த வகையிலும் ஒரு பாத்தியதையும் கிடையாது. குழந்தை கோமதியம்மாளின் இடுப்பில் இருந்தபடி அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தது. சரோஜம் கையெழுத்துப் போட்டாள்.

அதோடு நின்றிருந்தால் சரி. கோமதியம்மாளுக்கு எதையும் இறுக்கிக் கட்ட வேண்டும், பொட்டலமானாலும் பேச்சானாலும். "பிள்ளைக்க கைநாட்டு எங்க?" என்றாள். "நாளைக்கு இவ வளந்து, அம்மைதானே எழுதினா, நான் எழுதலியேன்னு வந்து நிக்கப்பிடாது பாத்துக்கிடுங்க." குழந்தையின் பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தி, அம்மாவின் கையெழுத்துக்குக் கீழே வைத்தாள். குழந்தைக்கு நீல நிறம் பிடித்துப்போயிற்று. சிரித்துக்கொண்டே விரலை அம்மாவின் சேலையில் துடைத்தது. கூடியிருந்தவர்கள் கோமதியம்மாளைக் கெட்டிக்காரி என்றார்கள். சேலையில் பட்ட மை எத்தனை வெளுப்புக்கும் போகவில்லை.

அந்தப் பணத்தில் சரோஜம் பழைய தையல்மிஷின் ஒன்று வாங்கினாள். ராஜையன் கடையில் காஜா எடுக்கவும் ஹெம்மிங் பண்ணவும் சேர்ந்தாள். பிறகு வக்கீல்களின் வெள்ளைக் கழுத்துப் பட்டை. அதற்குப் பிறகு கவுன். கடையில் வேறு நாலு பேர் இருந்தும் கவுனின் கொசுவத்தை ராஜையன் அவள் கையில்தான் கொடுப்பார்.

பிள்ளைத் துணிக்கு அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. வளர்கிற உடம்புக்கு உள்ளே தாராளமாகத் துணி விட்டு மடிக்க வேண்டும். இன்றைய அளவுக்கு வெட்டிக் கொடுப்பவனை ராஜையன் தையல்காரனென்று சொல்லமாட்டார். ஆதிராவின் பள்ளிப் பாவாடையிலும் சரோஜம் அப்படித்தான் விட்டிருந்தாள். வருஷத்துக்கு ஒரு மடிப்பாக அவிழ்த்தாள். அவிழ்த்த இடத்தில் வெளுக்காத நீலம் பட்டை பட்டையாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அதற்கு ஏணிப் பாவாடை என்று பெயர். ஆதிரா ஐந்து முடித்து ஆறுக்குப் போன வருஷம், பாவாடையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்: "அம்மா, இனி உள்ள துணி இல்ல கேட்டோ."

அந்த வாரம்தான் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் அவள் தன் அப்பனைக் கண்டாள். மேஸ்திரி தாணு இப்போது கான்ட்ராக்டர் தாணு. வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் கைப்பேசி. இரண்டு பக்கமும் இரண்டு பையன்கள், முதுகில் புதுப் புத்தகப்பை. பிள்ளைகள் வாயில் மலையாளந்தான் முதலில் வரும். "அச்சா, எனக்கும் ஒரு பேக் வாங்கித் தருமோ?" என்று கேட்டிருக்கிறாள்.

"உனக்க அம்மை எல்லாம் எழுதித் தந்தாச்சு மோளே. நீயும்தான் கை வச்சிருக்க. போயி அவகிட்ட கேளு" என்று சொல்லிவிட்டு நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஏறிவிட்டான்.

வீட்டுக்கு வந்த ஆதிரா பையைக் கழற்றவில்லை. "அம்மா, என்னை எழுதிக் குடுத்திட்டியா?" என்றாள்.

தட்டில் போட்ட சோறு ஆறியது. மறுநாள் மிஷினில் உட்காரும்போது அவள் முடிவு பண்ணியிருந்தாள். அந்தப் பத்திரம் நிற்குமா, நிற்காதா? கோர்ட்டிலேயே கேட்டுவிடுவது.

"உனக்கு வட்டா, கிறுக்கா?" என்றார் ராஜையன். "முத்திரைப் பத்திரமாக்கும் பிள்ளே. சிங்கத்தலை அடிச்ச பேப்பரு. அதை எதுத்து நிக்க ஒக்குமா?"

"சிங்கம் பேப்பர்லதானே அண்ணாச்சி இருக்கு."

கடைக்கு அளவு கொடுக்க வந்த வக்கீல்களிடம் கேட்டுப் பார்த்தாள். இஞ்சு டேப் மார்பைச் சுற்றியிருக்கும்போது எந்த வக்கீலும் ஓடிவிட முடியாது. ஒருவர், "கையொப்பிட்டுக் குடுத்தாச்சு அல்லே? பின்னே எந்தா?" என்றார். இன்னொருவர், "ஆபீசுக்கு வா, பீஸ் பத்திப் பேசலாம்" என்றார். மூன்றாமவர் கேள்வியைக் கேட்டுவிட்டு, "இனி மூச்சை விடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

முதல் கவுனுக்கு அளவு கொடுக்க வந்த ரோஸ் என்கிற இளவயது வக்கீல்தான் கேள்விக்குக் கேள்வி போட்டாள்.

"சேச்சி, அந்தச் செலவுக்காசு ஆருக்குள்ளது?"

"பிள்ளைக்குள்ளது."

"பின்னே சேச்சி எப்படி வேண்டாம்னு எழுதுவீங்க? பக்கத்து வீட்டுப் பசுவை நான் வித்தா நிக்குமா? அப்பனும் அம்மையும் தங்களுக்குள்ள என்ன வேணும்னாலும் எழுதிக்கலாம். வளக்கிற கடமையை எழுதித் தீக்க முடியாது. அந்த எழுத்து பிள்ளைக்கு நல்லதா இல்லையான்னு கோர்ட்டு பாக்கும்."

"அப்போ ஜெயிச்சிரும்?"

"அப்படிச் சொல்லமாட்டேன். அண்ணைக்கு வாங்கின தொகையே பிள்ளைக்குப் போதும்னு கோர்ட்டு நினைச்சா தோப்பீங்க. தோத்தா அந்தப் பத்திரத்துக்குக் கோர்ட்டு முத்திரையும் சேந்துபோவும். யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சாச்சு. கையைத் தூக்குங்க, அக்குள் அளவு எடுக்கணும்."

இலவச சட்ட உதவியில் ரோஸே மனு எழுதிக் கொடுத்தாள். ஆதிராவுக்காகத் தாயார் சரோஜம் கேட்கும் மனு. குடும்பக் கோர்ட்டில் கட்சிக்காரர் தானே நின்று பேசலாம் என்று தெரிந்ததும், "நானே பேசுதேன், நீங்க பக்கத்துல நில்லுங்க" என்றாள் சரோஜம்.

முதலில் சமரசப் பேச்சு. அங்கேதான் தாணுவின் வக்கீலைப் பார்த்தாள். வலியசாலை வெங்கடகிருஷ்ணன், கடையின் நெடுநாள் வாடிக்கைக்காரர். அவரும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ ராஜையன் கடைப் பொண்ணில்லையோ?"

"ஆமா சாரே. நீங்க போட்டிருக்க கவுனுக்குக் கொசுவம் வச்சது நான்தான்."

"பேஷ்" என்றார் அவர், வேறு எதுவும் தோன்றாமல்.

தாணு இறங்கி வருவதுபோல் பேசினான். "நான் மனுசன் இல்லாதவனா? இன்னொரு தொகை தாறேன். இன்னொரு பத்திரம் எழுதி இதோட தீத்துக்கிடுவோம். கோர்ட்டும் கேசும் எதுக்கு?"

"முதப் பத்திரத்துலயே எல்லாம் தீந்துபோச்சுன்னுதானே சொல்லுதீங்க?" என்றாள் சரோஜம். "தீந்துபோனதுக்கு ரெண்டாம் பத்திரம் எதுக்கு?"

வெங்கடகிருஷ்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதில் சரோஜம் வைத்த கொசுவமும் குலுங்கியது.

சமரசம் ஆகாமல் விசாரணை வந்தது. நீதிபதி ஓர் அம்மாள். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். சரோஜத்தின் மலையாளம் நொண்டும் என்பதால் வெங்கடகிருஷ்ணன் அனுமதி வாங்கித் தமிழிலேயே கேட்டார்.

"இந்தக் கையெழுத்து உன்னோடதுதானே?"

"எனக்கதுதான்."

"அடிச்சாளா, மிரட்டினாளா யாராவது?"

"அடிக்கல்ல. பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டுப் பத்திரத்தை நீட்டினாங்க. அதுக்கு நீங்க என்ன பேரு வைப்பீங்களோ எனக்குத் தெரியாது சாரே."

"பணம் வாங்கிண்டயோ இல்லையோ?"

"வாங்கினேன். மிஷின் வாங்கினேன். அதை மிதிச்சுத்தான் இத்தனை வருசம் பிள்ளைக்குச் சோறு போட்டேன். நான் என் பங்கைச் செய்தாச்சு. அவருக்க பங்கு எங்கன்னு கேக்க வந்திருக்கேன்."

"அப்போ வேண்டாம்னு எழுதினே, இப்போ வேணும்னு வந்து நிக்கறே. வாக்குன்னு ஒண்ணு இல்லையா?"

"எனக்கு வேண்டாம்னு எழுதினது இப்பவும் வேண்டாந்தான் சாரே. அந்த வாக்கை நான் மாத்தல்ல. எனக்க பிள்ளை ஒரு வாக்கும் தரலியே."

இந்த இடத்தில்தான் வெங்கடகிருஷ்ணன் பத்திரத்தின் அசலை நீதிபதியிடம் நீட்டினார். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எல்லாம் முறையாக நடந்தது என்று காட்ட கோமதியம்மாளையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். பட்டுக்கரைச் சேலை கட்டி, கல்யாணத்துக்கு வந்தவள்போல அவள் நின்றாள். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். நீதிபதி பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். அம்மாவின் கையெழுத்துக்குக் கீழே பொட்டளவில் ஒரு நீலக் கறை.

"இது எந்தா?"

"பிள்ளைக்க கைநாட்டு சாரே" என்றாள் கோமதியம்மாள். பெண் நீதிபதியானாலும் அவளுக்குச் சார்தான். "நான்தான் விரலைப் பிடிச்சு வச்சேன். இவங்க ஆம்பிளைகளுக்கு ஆருக்கும் அது தோணல்ல."

"எதற்காக வைத்தீர்கள்?" என்று மலையாளத்திலேயே கேட்டார் நீதிபதி.

வெங்கடகிருஷ்ணன் இருமினார். கோமதியம்மாள் அதைச் சளி என்று எடுத்துக்கொண்டாள்.

"அம்மை எழுதினா அம்மைக்குத்தானே ஆச்சு? பிள்ளைக்கு உள்ளது பிள்ளைக்குத்தானே நிக்கும்? நாளைக்கு அது வந்து கேக்கப்பிடாது பாருங்க. அதுக்காக்கும்."

"அப்போது குழந்தைக்கு என்ன வயது?"

"ரெண்டு தெகஞ்சிருக்கும்."

"பத்திரத்தை வாசித்துப் பார்த்துவிட்டா கைநாட்டு வைத்தது?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கோமதியம்மாளுக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள், வக்கீலின் முகத்தைப் பார்த்தாள். சொன்னதில் எது பிசகு என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஏதோ பிசகிவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

அன்று சாயங்காலம் அவரே கடைக்கு வந்தார். முழங்கைப் பக்கம் கவுன் நைந்திருந்தது. புதிதாக ஒன்று வேண்டும். ராஜையன் சரோஜத்தைப் பார்த்தார். அவள் இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கேஸ் வேற, கவுன் வேற" என்றார் வெங்கடகிருஷ்ணன், அரைகுறையாக.

"எனக்கும் அப்படித்தான் சாரே. நேரா நில்லுங்க."

அந்தக் கவுன்தான் இது. கொசுவத்தின் கடைசிக் குண்டூசியையும் செருகிவிட்டு, துணியைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு, சரோஜம் தெருவைக் கடந்து கோர்ட்டுக்குப் போனாள். ராஜையனும் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே போனார்.

தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. நீதிபதி அதை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு பக்கத்துக்கும் விளங்கும்படி மலையாளத்தில் சொன்னார். பெற்றோர் தங்களுக்குள் எழுதிக்கொண்டது அவர்களோடு நிற்கட்டும். குழந்தைக்குச் சேர வேண்டியதைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது; அது அவளுடையதே அல்ல. இரண்டு வயதுக் குழந்தையின் விரலைப் பிடித்து வைத்த மை, கையொப்பம் ஆகாது. ஆனால் அது ஒன்றைச் சொல்கிறது: உரிமை குழந்தையுடையது என்று இவர்கள் எல்லோருக்கும் அன்றே தெரிந்திருந்தது. அன்று கொடுத்த தொகை இத்தனை வருஷ வளர்ப்புக்கு ஈடாகாது. மனு கொடுத்த நாள் முதல் மாதாமாதம் தாணு ஆதிராவுக்குச் செலவுக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளை வளர வளர, தொகையைக் கூட்டிக் கேட்கவும் வழி உண்டு.

பெரிய தொகை ஒன்றும் இல்லை. தாணு தலையைக் குனிந்துகொண்டு அவளைக் கடந்து போகப் பார்த்தான். சரோஜம் வழியை விடவில்லை.

"பிள்ளை பஸ் ஸ்டாண்டுல கேட்டதுக்கு அண்ணைக்கு ஒரு பதில் சொன்னீங்கல்லா? அதை இப்போ ஒருக்கச் சொல்லுங்க."

அவன் அடிக்காத கைப்பேசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தான். அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு ஆதிரா கடைக்கு ஓடிவந்தாள். "எந்தாயி அம்மா? தீர்ப்பு வந்தாச்சா?"

"உனக்க கைநாட்டு செல்லாதாம்."

"உனக்க கையெழுத்தோ?"

"உன் காரியத்துல அதுவும் செல்லாதாம்."

ஆதிரா பையைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, "அப்போ நீ என்னை எழுதிக் குடுக்கவே இல்ல" என்றாள். சரோஜம் மிஷினை மிதித்தாள். குண்டூசி ஒவ்வொன்றாக வெளியே வந்து டப்பாவில் விழுந்தது.

இருட்டுவதற்கு முன் வெங்கடகிருஷ்ணன் வந்தார். கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கையைத் தூக்கினார், மடக்கினார். ராஜையன் மூச்சை அடக்கிக்கொண்டு தோள்பட்டையையே பார்த்தார். அது அசையவில்லை.

"உள்ளே துணி விட்டிருக்கியோ?"

"விட்டிருக்கேன் சாரே. இண்ணைக்கு அளவு எடுத்தோம்னு ஆளு இப்படியே இருப்பீங்களா?"

அவர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார். கவுனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை. உன் ஆத்துக்காரர், அதான் தாணு, எறணாகுளம் ஹைகோர்ட்டுக்குப் போகணுங்கறார். வேண்டாம்னு சொன்னேன். கேக்கலை."

"போவட்டும் சாரே. எறணாகுளத்துக்கு எனக்கும் வண்டி தெரியும்."

தோளோடு தோள் சேர்த்து, கொசுவம் கசங்காமல் கவுனை நீளவாட்டில் மடித்தாள். காகிதத்தில் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, பல்லால் கடித்து அறுத்தாள்.

"அங்க வரும்போதும் இதையே போட்டுக்கிட்டு வாங்க. தையல் விடாது" என்று சொல்லிப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தாள்.